ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மலச்சிக்கல்: இயற்கை வழிகள் எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும்

கேள்வி சுருக்கமாக இது: பையனுக்கு 6 வயது, 20 கிலோ எடை, ஆட்டிசம் உண்டு, பேச்சு ஓரிரு சொற்கள்தான். நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறான். வரும்போது கெட்டியாக, பெரிதாக, அழுகையோடு வருகிறது. இடையில் ஜட்டியில் கறை படிகிறது. சாப்பாடு ஐந்தாறு பண்டங்களுக்குள் அடக்கம், தண்ணீர் குடிக்கவைப்பது பெரும்பாடு, டயப்பர் கட்டினால்தான் போவான். மருந்து இல்லாமல் இயற்கையாகச் சரிசெய்ய முடியுமா?

பெருமளவுக்கு முடியும். ஆனால் வரிசை மாறினால் அதே இயற்கை வழிகள் வலியைக் கூட்டிவிடும். மலக்குடல் அடைத்துக் கிடக்கும்போது நார்ச்சத்தை ஏற்றுவதுதான் பெற்றோர் அதிகம் செய்கிற தவறு. அதனால் உணவுக்கு வருமுன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒருமுறை கெட்டியான மலம் ஆசனவாயைக் கீறிக்கொண்டு வந்தால் போதும், அடுத்த முறை உந்துதல் வரும்போது பிள்ளை இறுக்கிக்கொள்ளும். அடக்கிய மலம் மலக்குடலிலேயே தங்கும். தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை; தங்கத் தங்க மலம் காய்ந்து இறுகும், மேலே புதிதாக வந்தது சேர்ந்து பருக்கும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். வாரக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்துவிடும். 'நிரம்பிவிட்டது' என்ற உணர்வே மங்கிப்போகும். அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு மேலிருந்து நீர்த்த மலம் கசிகிறது. நீங்கள் பார்க்கும் ஜட்டிக் கறை அதுதான். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு, வேண்டுமென்றே செய்கிறான் என்று அடிப்பவர்களும் உண்டு. கசிவது அவனுக்குத் தெரியவே தெரியாது. தயவுசெய்து அதற்காகத் திட்டாதீர்கள், சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள்.

ஆட்டிசத்தில் இது ஏன் இவ்வளவு அதிகம்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த அலசலில், மலச்சிக்கலுக்கான வாய்ப்பு விகிதம் மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 4 மடங்காக இருந்தது. பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. குறிப்பிட்ட நிறம், குறிப்பிட்ட மொறுமொறுப்பு என்று உணவு சுருங்கிவிடுகிறது. பசி, தாகம், மலம் வரும் உந்துதல் போன்ற உடலின் உள்ளுணர்வுகள் சில பிள்ளைகளுக்கு மிக மெல்லியதாகவே கேட்கும். சிலருக்குத் தாங்கமுடியாத இரைச்சலாகக் கேட்கும். ஃப்ளஷ் சத்தம், குளிர்ந்த சீட், வாடை, கால் தொங்குவது, இவை ஒவ்வொன்றும் டாய்லெட்டைப் பயங்கரமான இடமாக்கும். இவற்றோடு மருந்துகளும் சேரும்: ரிஸ்பெரிடோன், குளோனிடின், குவான்ஃபசின், சளிக்குக் கொடுக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின்கள், இரும்புச்சத்து மருந்து ஆகியவை மலத்தை இறுக்கக்கூடியவை. கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பசியைக் குறைத்து மறைமுகமாக அதையே செய்யும். எந்த மருந்து தொடங்கிய பிறகு சிக்கல் கூடியது என்று தேதி வைத்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை உடம்பால் சொல்லும். கால்விரல் நுனியில் ஊன்றி விறைத்து நிற்பது, தொடைகளைப் பின்னிக்கொள்வது, சோபா மூலையில் வயிற்றை அழுத்திப் படுப்பது, மேசைக்கடியில் ஒளிந்து முகம் சிவப்பது ஆகியவற்றைப் பலரும் 'முக்குகிறான்' என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு: அடக்குகிறான். திடீரெனத் தலையை முட்டிக்கொள்வது, கடிப்பது, இரவு 2 மணிக்கு எழுந்து அழுவது, மூன்றாவது நாளிலிருந்து சாப்பாட்டைத் தள்ளுவது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் போவது, படுக்கையை நனைப்பது, இவற்றின் பின்னாலும் வயிறு இருக்கலாம். நடத்தை மாறினால் முதலில் வயிற்றைச் சந்தேகியுங்கள், பிறகு மற்றதை.

அடைப்பு இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஒரு தாளில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள்: தேதி, நேரம், மல வகை, அளவு, கறை பட்டதா, அன்று நடத்தை எப்படி. மல வகைக்கு பிரிஸ்டல் அட்டவணை என்று 1 முதல் 7 வரை எண்ணிட்ட படம் உண்டு. 1 என்றால் தனித்தனிக் கொட்டைகள், 2 என்றால் கொட்டைகள் ஒட்டிய கட்டி, 3 மேலே வெடிப்பு விட்ட உருளை, 4 வழவழப்பான மென்மையான உருளை, 5 மென்மையான துண்டுகள், 6 கூழ், 7 தண்ணீர். மலச்சிக்கலிலிருந்து மீண்டுவரும் பிள்ளைக்கு 4-ம் 5-ம்தான் இலக்கு. 3 வந்தாலே சில மாதங்களுக்கு 'இன்னும் கெட்டி' என்றுதான் கணக்கு, ஏனென்றால் லேசாக வலித்தாலும் பழைய பயம் திரும்பிவிடும்.

நாலைந்து நாள் இடைவெளி, டாய்லெட்டை அடைக்கும் அளவுக்குப் பருமன், இடையில் கசிவு: மூன்றும் சேர்ந்தால் உள்ளே கட்டி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடிவயிற்றின் இடப்பக்கம் கட்டி தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம். நீங்கள் சொன்னதில் மூன்றும் இருக்கின்றன. இந்த நிலையில் பழமும் நாரும் ஏற்றினால் அடைத்த குழாயின் மேல் இன்னும் கொட்டுவது போலத்தான் ஆகும்: வயிறு உப்பும், வலி கூடும், பிள்ளை அந்தப் பழத்தையே வெறுக்கும். 'எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றும் கேட்கவில்லை' என்று சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

எனவே நீங்கள் விரும்பாத ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த முதல் படிக்கு மருந்து தேவை. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நலச் சங்கங்கள் 2014-ல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற தூளை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம் 3 முதல் 6 நாள் கொடுத்துக் கட்டியைக் கரைக்கச் சொல்கிறது. உங்கள் மகனின் எடைக்கு அது 20 முதல் 30 கிராம். மருத்துவர் வயிற்றைப் பார்த்து அளவை உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். பிறகு கிலோவுக்கு 0.2 முதல் 0.8 கிராம் என்ற பராமரிப்பு அளவுக்கு வருவார்கள். இந்தத் தூள் குடலைச் சுரண்டுவதில்லை, ரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கிறது. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவது மட்டுமே அதன் வேலை. குடல் சோம்பேறியாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. குடலைச் சோம்பேறியாக்குவது மாதக்கணக்கில் விரிந்து கிடக்கும் மலக்குடல்தான். கரைக்கும்போது நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம் வைத்து, தெளிந்த பிறகு கொடுங்கள். சுவை தெரியாவிட்டாலும், கரையாத துகள் ஒன்று நாக்கில் பட்டால் சில பிள்ளைகள் அந்தக் கோப்பையையே இனித் தொடமாட்டார்கள்.

ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் இனிமாவை இந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி வழியாக வையுங்கள். நாலு பேர் பிடித்துக்கொண்டு செய்யும் அனுபவம், டாய்லெட்டை நினைத்தாலே நடுங்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். சோப்புத் துண்டைச் செருகுவது மலக்குடலின் மென்தோலை எரிக்கும், வேண்டவே வேண்டாம்.

கட்டி வெளியேறி, மலம் மென்மையானதும் இயற்கை வழிகளின் காலம் தொடங்குகிறது.

தண்ணீர்

20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்த நீர்த்தேவை சுமார் 1,500 மில்லி. (முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் 20 மில்லி என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு.) இதில் உணவிலும் பாலிலும் உள்ள நீரும் அடக்கம். எனவே குடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்குச் சற்று மேலே போனால் போதும். தேவைக்கு மேல் ஊற்றுவதால் மலம் மேலும் இளகாது. உபரி சிறுநீராகப் போய்விடும். குறைவாகக் குடிக்கும் பிள்ளையைத் தேவையான அளவுக்குக் கொண்டுவருவதில்தான் பலன் இருக்கிறது.

தாகம் உணராத பிள்ளையிடம் 'தாகமா?' என்று கேட்டுப் பயனில்லை. நேரத்தோடு கட்டுங்கள்: எழுந்ததும் 100 மில்லி, ஒவ்வொரு சாப்பாட்டோடும் 100, வெளியே கிளம்பும்போது 100, வந்ததும் 100 என்று ஏற்கெனவே நடக்கும் வேலைகளோடு சேர்த்தால் வழக்கத்தை விரும்பும் மனம் பிடித்துக்கொள்ளும். கோப்பையின் வெளிப்புறம் எதுவரை குடிக்க வேண்டும் என்று டேப் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் முடிவு இருந்தால் எதிர்ப்பு குறையும். வெப்பநிலையையும் மாற்றிப் பாருங்கள். வெதுவெதுப்பைத் துப்புகிற பிள்ளை ஐஸ் போட்டுக் குடிக்கலாம், டம்ளரை மறுக்கிற பிள்ளை உறிஞ்சுகுழலில் குடிக்கலாம். பலன் தந்த குழலின் நிறத்தைக்கூட மாற்றாதீர்கள்.

பாலைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு 480 மில்லிக்கு மேல் போனால் வயிறு பாலால் நிறைந்து, நார் உள்ள எதற்கும் இடமிருக்காது.

நாரும் சோர்பிட்டாலும்

வயதோடு 5-ஐக் கூட்டினால் வருவது குறைந்தபட்ச நார் கிராமில்: 6 வயதுக்கு 11. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் 6 முதல் 9 வயதுக்கு 21 கிராம் என்று சொன்னது. முதல் எண்ணை எட்டுவதே இப்போதைக்குப் போதும், வாரத்துக்கு 2 கிராம் வீதம் ஏறுங்கள். வேகமாக ஏறினால் காற்றுச் சேர்ந்து வயிறு வலிக்கும், முன்பு வாங்கிய நம்பிக்கையும் போகும்.

தோலோடு நடுத்தரப் பேரிக்காய் ஒன்றில் சுமார் 5 கிராம், தோலோடு ஆப்பிளில் 4, வேகவைத்த பீன்ஸ் விதைகள் அரை கப்பில் 6 முதல் 7, 40 கிராம் ஓட்ஸில் 4, பச்சை கிவி ஒன்றில் 2, ப்ரூன் எனப்படும் உலர்ந்த பிளம் ஐந்தில் 3. மொறுமொறுப்புக்கு மட்டுமே மயங்கும் பிள்ளைக்கு மூன்று கப் பாப்கார்னில் 3 கிராமுக்கு மேல் கிடைக்கும். ஆனால் 4 வயதுக்குக் கீழே கூடாது, மென்று விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு எந்த வயதிலும் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

ப்ரூனுக்கும் பேரிக்காய்க்கும் தனி இடம் உண்டு. நாரோடு சோர்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் அவற்றில் இருக்கிறது. சிறுகுடல் அதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. பெருங்குடலுக்குப் போய் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. மேலே சொன்ன தூள் செய்யும் வேலையின் மென்மையான வடிவம் என்று சொல்லலாம். ப்ரூன் பழச்சாற்றை 30 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 30 கூட்டி, மலம் 4 அல்லது 5-க்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்துங்கள். இந்த வயதுக்கு எல்லாப் பழச்சாறும் சேர்ந்து நாளைக்கு 120 முதல் 180 மில்லிக்கு மேல் வேண்டாம். 6 அல்லது 7-க்குப் போனால் ஒரு படி இறங்குங்கள். சாறு பிடிக்காதென்றால் ஐந்து ப்ரூனை 100 மில்லி வெந்நீரில் இரவு ஊறவைத்துக் கொட்டை நீக்கி மசியுங்கள். ஒரு டீஸ்பூனில் தொடங்கலாம்.

சியா விதை, ஆளி விதை, இசப்கோல் உமி பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்றும் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பண்டங்கள். தண்ணீர் குடிக்காத பிள்ளைக்குக் கொடுத்தால் உணவுக்குழாயிலோ குடலிலோ கட்டியாக நிற்கலாம். தண்ணீர் அளவு ஒழுங்கானபின், ஊறவைத்து மட்டும், அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். இசப்கோலை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் சரி, அவன் சாப்பிடவேண்டுமே?

இங்கேதான் மறைத்துக் கலப்பது என்ற ஆசை வரும். ஐந்தே பண்டம் சாப்பிடும் பிள்ளையின் ஒரு பண்டத்துக்குள் எதையாவது ஒளித்து, அவன் கண்டுபிடித்துவிட்டால் ஐந்து நாலாகும். இந்தப் பிள்ளைகளின் நாக்கு மிக நுட்பமானது, பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் பார்க்கும்போதே செய்யுங்கள். நிறத்துக்கு நிறம் பொருத்துங்கள்: கறுத்த ப்ரூன் விழுது சாக்லேட் நிறப் பண்டத்தோடு போகும், வேகவைத்து அரைத்த பேரிக்காய் தயிரோடு போகும். நூறு கிராம் தயிருக்குக் கால் டீஸ்பூன், அதுவும் வேறு கிண்ணத்தில், வழக்கமான தயிர் வழக்கமான கிண்ணத்தில் பக்கத்திலேயே இருக்கட்டும். நாலைந்து நாள் சிக்கலில்லாமல் போனால் அரை டீஸ்பூன்.

புதுப் பண்டத்தை நேராக வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். மேசையில் இருப்பதைப் பொறுப்பது, தட்டில் இருப்பதைப் பொறுப்பது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, கடைசியில்தான் விழுங்குவது. ஒவ்வொன்றும் ஒரு படி. கடித்துத் துப்பினால் அது வெற்றி. சில பிள்ளைகளுக்கு ஒரு பண்டத்தைப் பதினைந்து தடவைக்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும். பழகிய பண்டத்திலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றுங்கள்: வெள்ளை ரொட்டி என்றால் அதே வடிவத்தில் வெட்டிய முழுத்தானிய ரொட்டி, நிறம் மட்டும் மாறட்டும், தடிமனும் சூடும் அதேபடி இருக்கட்டும்.

டாய்லெட்டில் உட்காருவது

உணவைவிட இதில்தான் நீண்டகாலப் பலன் இருக்கிறது என்பது என் கருத்து. உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் தானாகச் சுருங்கும். காலை உணவுக்குப் பின் இது பலமாக இருக்கும். சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடத்தில் உட்காரவையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம். தொடக்கத்தில் 20 நொடி உட்கார்ந்தாலும் போதும், நாளுக்கு நாள் கூட்டலாம். முடியும் நேரம் கண்ணுக்குத் தெரியவேண்டும்: மணல் கடிகாரமோ, நிறம் குறைந்துவரும் டைமரோ. மணி அடித்ததும் வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். பரிசு உட்கார்ந்ததற்குத்தான், மலம் வந்ததற்குப் பரிசு என்றால் அவன் கையில் இல்லாத ஒன்றுக்கு அவனைத் தண்டிப்பதாகும்.

உட்காரும் விதம் முக்கியம். மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை வார்போல வளைத்துப் பிடித்திருக்கிறது. நிற்கும்போதும் கால் தொங்கும்போதும் அந்த வளைவு அப்படியே இருக்கும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால்தான் தசை தளர்ந்து வழி நேராகும். ஆகவே இரண்டு பாதமும் முழுசாகப் பதியும் முக்காலி, விழுந்துவிடுவோம் என்ற பயம் வராத சிறுவர் சீட், முழங்கை முழங்காலில் ஊன்றி லேசாக முன்சாய்வு. 'முக்கு' என்று சொன்னால் பல பிள்ளைகள் கீழே இறுக்கிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஊதச் சொல்லுங்கள்: சோப்புக்குமிழி, பலூன், உறிஞ்சுகுழலில் பஞ்சு உருண்டை. ஊதும்போது வயிற்றில் அழுத்தம் கூடும், இடுப்புத்தளம் தளரும். பசு மாதிரி நீளமாக 'மூ...' என்று சத்தமிடுவதும் அதே வேலையைச் செய்யும். பேச்சில்லாத பிள்ளைகளும் இதை ரசித்துச் செய்வார்கள்.

அறையைச் சீர்படுத்துங்கள். தானாக ஃப்ளஷ் ஆகும் கழிப்பறையில் சென்சார்மேல் ஒட்டுத்தாள் ஒட்டலாம். வீட்டில் அவன் வெளியே போன பிறகே ஃப்ளஷ் செய்யுங்கள். சீட் குளிர்ந்தால் உறை போடுங்கள். உள்ளே போ, ஜட்டியை இறக்கு, உட்கார், ஊது, துடை, கை கழுவு என்று ஆறு படங்களைக் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள். அவன் உயிராய் விரும்பும் ஒரு புத்தகமோ பொம்மையோ அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்று வையுங்கள்.

டயப்பரை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடக்குவான், அடைப்பு திரும்பும். படிப்படியாக நகர்த்துங்கள். முதலில் டயப்பரோடு, ஆனால் குளியலறைக்குள் நின்று போகட்டும். பிறகு டயப்பரோடு மூடிய டாய்லெட் மேல் உட்கார்ந்து. பிறகு மூடியைத் திறந்து, சீட்டின்மேல், டயப்பரோடு. அது பழகியதும் டயப்பரின் அடியில் ஒரு நாணயம் அளவுக்குத் துளை வெட்டுங்கள். மலம் அதன்வழியே நீரில் விழும் சத்தம் பழகவேண்டும். துளையை வாராவாரம் பெரிதாக்கினால் கடைசியில் இடுப்பைச் சுற்றிய ஒரு பட்டைதான் மிஞ்சும், பின்னர் அதுவும் போய்விடும். ஒவ்வொரு படியிலும் நாலைந்து முறை அமைதியாகப் போனபிறகே அடுத்தது. மலம் 3-க்கு இறுகிய வாரத்தில் எந்தப் படியும் ஏறாதீர்கள்.

வயிற்றைத் தடவுதல்

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளை மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும்போது செய்யலாம். பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, விலா எலும்புக்குக் கீழே குறுக்கே இடப்பக்கம் போய், கீழிறங்குகிறது; தடவுவதும் அதே திசையில். திசை பிள்ளையுடையது, எதிரே இருக்கும் உங்களுடையதல்ல. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, கொஞ்சம் எண்ணெய் தொட்டு, முதலில் இடது விலா ஓரத்திலிருந்து இடது இடுப்புவரை நேர்கீழாகப் பத்து முறை. கீழே வழி திறந்தபின் மேலே தள்ளினால்தான் நகரும். அடுத்து வலது விலாவிலிருந்து குறுக்கே இடதுபுறம் போய் கீழே, பத்து முறை. கடைசியில் வலது இடுப்பிலிருந்து மேலே, குறுக்கே, கீழே என்று முழுப்பாதையும் பத்து முறை. மொத்தம் பத்து நிமிடம். பூப்போலத் தொடுவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கூச்சமும் எரிச்சலும் தரும்; உள்ளங்கை முழுவதும் பதிந்த, நிதானமான அழுத்தம் பிடிக்கும். சத்தமாக எண்ணுங்கள், எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியட்டும். கையைத் தள்ளினால் அன்றைக்கு அவ்வளவுதான். வயிறு விறைத்திருந்தாலோ வாந்தி இருந்தாலோ தொடாதீர்கள்.

குதிப்பதும், ஊஞ்சலும், ஓட்டமும் நல்லவை. மலச்சிக்கலை அவை மட்டும் தீர்க்காது.

இயற்கை என்ற பெயரில் வரும் ஆபத்துகள்

ஆட்டிசத்தைக் 'குணப்படுத்தும்' குடல் சுத்திகரிப்பு என்று குளோரின் டையாக்சைடு கரைசல் விற்கப்படுகிறது; குடிக்கவும் இனிமாவாகவும் கொடுக்கச் சொல்கிறார்கள். அது தொழிற்சாலை வெளுப்பான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லும் 2019-லும் இதற்கு எதிராக எச்சரித்தது. கொடுத்தபின் கயிறு கயிறாக வெளியே வருவதைப் புழு என்று காட்டுவார்கள். அது வெந்து உரிந்த குடலின் சளிப்படலம். எந்தக் குழந்தைக்கும் இது நடக்கக் கூடாது.

விளக்கெண்ணெய் கடுமையாக முறுக்கும். வலிக்குப் பயந்து அடக்கும் பிள்ளைக்கு மேலும் வலி. பேதிக்குக் கொடுக்கும் சென்னா இலையும் இலைதான் என்று தாராளமாகக் கொடுக்காதீர்கள். டயப்பர் கட்டும் பிள்ளைக்கு, சென்னா கொடுத்தபின் மலம் நீண்ட நேரம் தோலில் பட்டிருந்தால் சுட்டதுபோலக் கொப்புளிக்கும். மருத்துவர் சொன்ன அளவில், இரவெல்லாம் டயப்பரில் தங்காத நேரத்தில் மட்டுமே. கனிம எண்ணெயை (லிக்விட் பாரஃபின்) புரையேறும் பிள்ளைக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். மக்னீசியம் துணைச்சத்துக்கு 4 முதல் 8 வயதுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் மேல்வரம்பு நாளைக்கு 110 மில்லிகிராம். அதற்கு மேல் மருத்துவர் மேற்பார்வை வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடவே கூடாது. அதிக அளவு வைட்டமின் டி கொடுத்துவருகிறீர்களா? ரத்தத்தில் கால்சியம் ஏறி, அதுவே மலச்சிக்கலை உண்டாக்கும். புரோபயாட்டிக் எனும் நல்ல பாக்டீரியா மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க 2014 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. கெடுதல் குறைவு என்றாலும் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

பாலையும் கோதுமையையும் நிறுத்துவது பற்றியும் கேட்பார்கள். எல்லாம் செய்தும் தீராத மலச்சிக்கலில் 2 முதல் 4 வாரம் பசும்பால் பொருட்களை முழுதாக நிறுத்திப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. சில பிள்ளைகளுக்குப் பால் புரத ஒவ்வாமை உண்மையிலேயே காரணமாக இருக்கும். ஐந்து பண்டத்தில் இரண்டு பால் என்றால் உணவியலாளர் துணையின்றிச் செய்யாதீர்கள், கால்சியத்துக்கு மாற்று வேண்டும். மாற்றமில்லை என்றால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். கோதுமையை நிறுத்துமுன் சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தாலும் இல்லையென்று காட்டக்கூடும்.

காத்திருக்கக் கூடாதவை

பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய மலச்சிக்கல், பிறந்தபோது முதல் மலம் 48 மணி நேரம் தாண்டிப் போனது, பச்சை நிற வாந்தி, பறைபோல உப்பிய வயிறு, காய்ச்சல், எடை குறைவது, நாடாபோல மெலிந்த மலம், கீறல் இல்லாமல் ரத்தம், கால் பலவீனம் அல்லது நடை மாறுவது, முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். மண், பெயின்ட் செதில், துணி, முடி என்று உணவல்லாததைத் தின்னும் பழக்கம் இருந்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈய நஞ்சும் மலச்சிக்கலாகத்தான் வெளிப்படும். விழுங்கிய முடியும் துணியும் குடலை அடைக்கவும் கூடும். தைராய்டு குறைபாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு காலம்?

விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். பராமரிப்பு மருந்தைக் குறைந்தது 2 மாதம் தொடர வேண்டும்; எல்லா அறிகுறியும் நீங்கி ஒரு மாதமாவது ஆனபிறகுதான் குறைக்கத் தொடங்க வேண்டும், அதுவும் மெல்ல மெல்ல. மலம் நன்றாகப் போன முதல் வாரத்தில் நிறுத்துவதால்தான் பெரும்பாலோருக்குத் திரும்ப வருகிறது. இந்த மாதங்களில் தண்ணீர், ப்ரூன், உட்காரும் வழக்கம் மூன்றும் வேரூன்றிவிட்டால் மருந்தைக் குறைக்கும் இடத்தை அவை நிரப்பும்.

குறைத்துக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், வீட்டில் யார் பார்த்துக்கொண்டாலும் புரியும்படி: இரண்டு நாள் மலம் இல்லை, அல்லது இரண்டு முறை தொடர்ந்து 2 அல்லது 3 வகை, அல்லது ஜட்டியில் கறை, அல்லது கால்விரல் நுனியில் ஊன்றி நிற்கிறான் என்றால் அன்றே முந்தைய அளவுக்கு ஏற்றுவது, டயப்பர் படிகளை நிறுத்திவைப்பது, புதுப் பண்டம் எதையும் நீட்டாதிருப்பது. மூன்றாவது நாளும் போகவில்லையென்றால் மருத்துவரை அழைக்கும் எண்ணை அதன் அடியில் எழுதிவையுங்கள்.